பள்ளிப் படிப்பை முடித்து வெளியே வருகிற தம்பி தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

கடைசிப் பரீட்சை முடிந்திருக்கும். பேனாவை மூடி வைத்துவிட்டு வெளியே வந்தபோது ஒரு பக்கம் நிம்மதி, இன்னொரு பக்கம் காரணம் தெரியாத ஒரு கனம், இரண்டும் சேர்ந்தே இருந்திருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. முதலில் மனமார்ந்த வாழ்த்துகள். இத்தனை வருடம் காலையில் எழுந்து, பை தூக்கி, பிடித்த பாடத்தோடு பிடிக்காத பாடத்தையும் படித்து இந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறீர்கள், மதிப்பெண் எவ்வளவு வந்தாலும் அது சின்ன விஷயம் இல்லை.

இந்த நாட்களில் உங்களைப் பார்க்கிறவர்கள் எல்லோருமே அறிவுரை சொல்லுவார்கள். எதைப் படித்தால் வேலை கிடைக்கும், எதைப் படித்தால் கிடைக்காது என்று ஆளுக்கொரு கணக்கு வைத்திருப்பார்கள். அந்தப் பக்கம் நான் போகப் போவதில்லை. எனக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது, அதை நான் தாமதமாகக் கற்றுக்கொண்டேன் என்பதால்தான் இந்த மடலே: கேட்கப் பழகுங்கள். புரியாததைக் கேளுங்கள், உதவியைக் கேளுங்கள், வாய்ப்பையும் கேளுங்கள்.

பள்ளியில் நான் நன்றாகப் படிக்கிற பெண் என்று பெயர் வாங்கியவள். அந்தப் பெயர்தான் கல்லூரி முதல் வருடத்தில் என்னைப் பாடாய்ப் படுத்தியது. சேர்ந்து மூன்று வாரம் இருக்கும், கணித வகுப்பில் ஆசிரியர் பலகை நிறைய எழுதிக்கொண்டே போகிறார், நடுவில் ஒரு வரியிலிருந்து அடுத்த வரி எப்படி வந்தது என்று எனக்குப் பிடிபடவில்லை. சுற்றிப் பார்த்தேன், எல்லோரும் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள், நானும் ஆட்டினேன். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நோட்டின் ஓரத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு கேள்விக்குறி போட்டுக்கொண்டேன். அந்தப் பருவம் முடிவதற்குள் ஓரமெல்லாம் கேள்விக்குறிகளாகிவிட்டன. ஒரு நாள் மாலை ஆசிரியரின் அறைக் கதவு வரை போனேன். உள்ளே விளக்கு எரிந்தது. தட்டுவதற்குக் கையைத் தூக்கினேன், இத்தனை நாள் கழித்து இதைப் போய்க் கேட்டால் என்ன நினைப்பாரோ என்று தோன்றியது, தூக்கிய கையை இறக்கிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

அந்தப் பாடத்தில் தோற்றேன். மறுபடி எழுத வேண்டிய கட்டாயம் வந்த பிறகுதான் அதே நோட்டோடு அதே கதவைத் தட்டினேன். முதல் கேள்விக்குறியைப் பார்த்ததும் ஆசிரியர் ஒரு நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. இடையில் ஒரு படியை அவர்தான் எழுதாமல் விட்டிருந்தார். "அன்றைக்கே யாராவது கேட்டிருந்தால் எல்லோருக்கும் சொல்லியிருப்பேனே அம்மா" என்றார். பிறகு விசாரித்துப் பார்த்தால், என்னோடு தலையாட்டிய பலருக்கும் அந்த வரி புரிந்திருக்கவில்லை.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், பள்ளியில் யாராவது நம் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள். இரண்டு நாள் வரவில்லை என்றால் வீட்டுக்குத் தகவல் போகும், மதிப்பெண் குறைந்தால் கூப்பிட்டு விசாரிப்பார்கள். இனிமேல் போகிற இடம் கல்லூரியோ, வேலையோ, தொழில் பழகும் பட்டறையோ, அங்கே நீங்கள் வாய் திறக்கிற வரை எல்லாம் சரியாக இருக்கிறது என்றுதான் மற்றவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை, அவரவருக்கு அவரவர் வேலை.

கேட்டு வாங்கியவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் மைக்கேல் ஃபாரடே. 1791-இல் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தவர், பெரிதாகப் பள்ளிப் படிப்பு கிடையாது, 14 வயதில் லண்டனில் புத்தகம் பைண்டிங் செய்யும் இடத்தில் வேலை பழகப் போனார். பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களையே உட்கார்ந்து படித்தார். 1812-இல் ஹம்ஃப்ரி டேவி என்ற பெரிய வேதியியலாளரின் சொற்பொழிவுகளைக் கேட்க, கடைக்கு வருகிற ஒருவர் மூலம் நுழைவுச் சீட்டு கிடைத்தது. கேட்டதையெல்லாம் குறிப்பெடுத்து, படம் வரைந்து, தன் கையாலேயே பைண்டிங் செய்து, ஒரு கடிதத்தோடு டேவிக்கு அனுப்பி வேலை கேட்டார். அதற்கு முன்னால் ராயல் சொசைட்டி என்ற பெரிய அறிவியல் சங்கத்தின் தலைவருக்கும் எழுதியிருந்தார், அங்கிருந்து பதிலே வரவில்லை. டேவி கூப்பிட்டுப் பேசினாலும் உடனே இடம் இல்லை என்றுதான் சொன்னார். 1813-இல் ஓர் உதவியாளர் இடம் காலியானபோது அந்தப் பைண்டிங் பையனைக் கூப்பிட்டார்கள். 1831-இல் மின்காந்தத் தூண்டலை, அதாவது காந்தத்தை அசைத்துக் கம்பியில் மின்சாரம் உண்டாக்கலாம் என்பதைக் கண்டுபிடித்தவர் அவர்தான், இன்றைக்கு மின் நிலையங்களில் ஓடுகிற ஜெனரேட்டர்கள் அந்தத் தத்துவத்தில்தான் ஓடுகின்றன.

அந்தக் கடிதத்தில் நான் கவனிப்பது, சும்மா "எனக்கு ஏதாவது வழி காட்டுங்கள்" என்று அவர் எழுதவில்லை. தான் செய்ததைக் காட்டிவிட்டுக் கேட்டார். நீங்களும் அப்படிக் கேளுங்கள். நான் இன்னார், இதை இதுவரை இப்படி முயன்றேன், இந்த இடத்தில் நிற்கிறேன், உங்களிடம் வேண்டுவது இது என்று நாலு வரியில் எழுதினால் எவ்வளவு பெரிய ஆளும் படித்துப் பார்ப்பார். பதில் வராவிட்டால் மனதை விட்டுவிடாதீர்கள், அடுத்தவருக்கு எழுதுங்கள்.

உங்களையே கேட்டுக்கொள்வதும் இதில் சேர்த்திதான். படிக்கும்போது அதே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தால் தெரிந்த மாதிரி இருக்கும். 2006-இல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்தவர்கள் முன்னால் இருந்தார்கள், ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். இதைப் பள்ளியிலேயே யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.

அப்புறம் காசு. முதன்முறையாக உங்கள் பெயரில் காகிதங்கள் வரும், கடன், கார்டு, வேலை ஒப்பந்தம் என்று. கையெழுத்துப் போடச் சொல்கிறவர் அவசரப்படுத்தினால் அங்கேயே நிறுத்துங்கள். "மொத்தமாக நான் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும்?" என்று கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஒரு சின்னக் கணக்கு கையில் இருக்கட்டும்: 72-ஐ வருட வட்டி விகிதத்தால் வகுத்தால், கூட்டு வட்டியில் தொகை இரண்டு மடங்காக எத்தனை வருடம் ஆகும் என்று ஏறக்குறைய தெரிந்துவிடும். 24 சதவீதம் என்றால் 3 வருடம். சேமிப்புக்கு 6 சதவீதம் கிடைத்தால் 12 வருடம். கடன் எவ்வளவு வேகமாக ஓடுகிறது, சேமிப்பு எவ்வளவு மெதுவாக நடக்கிறது என்று பாருங்கள். வேலை தருகிறேன், முதலில் பணம் கட்டு என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

மதிப்பெண் குறைந்தவர்களுக்கும், நினைத்த இடம் கிடைக்காதவர்களுக்கும் தனியாக ஒரு வார்த்தை. பின்னாளில் நோபல் பரிசு வாங்கிய விஞ்ஞானி மேரி கியூரி 1883-இல், 15 வயதில் பள்ளியை முடித்தார். அப்போது அவர் ஊரான, போலந்தில் இருக்கும் வார்சாவின் பல்கலைக்கழகத்தில் பெண்களைச் சேர்க்க மாட்டார்கள். அவரும் அக்கா பிரோன்யாவும் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள்: தங்கை வேலைக்குப் போய் அக்காவைப் பாரிஸில் படிக்க வைப்பாள், பிறகு அக்கா தங்கைக்கு உதவுவாள். பணக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டு காத்திருந்த மேரி, பாரிஸுக்குப் போனது 1891-இல், 24-ஆவது வயதில். நடுவில் எட்டு வருடம். எல்லோரும் நோபல் வாங்க வேண்டும் என்று சொல்லவரவில்லை. ஒரு வருடம் தள்ளிப்போனதற்காக ராத்திரியெல்லாம் தூங்காமல் கிடக்கிற பிள்ளைகளை எனக்குத் தெரியும், அவர்களுக்காகச் சொல்கிறேன். துணைத் தேர்வு உண்டா, அடுத்த வருடம் சேரலாமா, வேலை பார்த்துக்கொண்டே படிக்க முடியுமா என்று போய்க் கேளுங்கள்.

தூக்கம் என்றதும் ஞாபகம் வருகிறது, 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். விளக்கை அணை என்று சொல்ல ஆள் இல்லாத அறைக்குப் போகப் போகிறீர்கள், பார்த்துக்கொள்ளுங்கள். மனசு பாரமாகி, சாப்பாடு பிடிக்காமல், யாரையும் பார்க்கப் பிடிக்காமல் நாட்கள் போனால், ஒரே ஓர் ஆளிடமாவது "எனக்கு முடியவில்லை" என்று சொல்லிவிடுங்கள். அம்மா அப்பாவிடம் சொல்ல முடியாவிட்டால் நண்பரிடம், இல்லை மருத்துவரிடம். எல்லாவற்றையும்விட இதைத்தான் நான் உங்களிடம் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியாக ஒரு வேலை கொடுக்கிறேன். சான்றிதழ் வாங்கப் பள்ளிக்குப் போவீர்கள் இல்லையா, அன்றைக்கு உங்களை நன்றாகத் தெரிந்த ஓர் ஆசிரியரைத் தேடிப் பிடித்து, "என்னிடம் நீங்கள் கவனித்தது என்ன?" என்று கேட்டுவிட்டு வாருங்கள். எனக்கு ஒரு மொழி ஆசிரியை இருந்தார், அவரிடம் இதைக் கேட்க வேண்டும் என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன், போனபோது அவர் ஓய்வு பெற்று எங்கேயோ போயிருந்தார்.

போகிற இடத்தில் உங்களுக்கு நல்ல நண்பர்களும், கதவைத் திறந்து வைத்திருக்கிற ஆசிரியர்களும் கிடைக்கட்டும். நன்றாக இருங்கள் கண்ணுகளா.

அன்புடன்,
உங்கள் அக்கா