மாமாவுக்குக் காது மெஷின் வாங்கும் முன்

மக்கா,

பக்கவாதத்தில் தளர்ந்த மாமாவின் வலது கைக்கு, காதில் மாட்டி வேகஸ் நரம்புக்கு (மூளையிலிருந்து கழுத்து வழியே இதயம், வயிறு வரை இறங்கும் நரம்பு) லேசான கரண்ட் கொடுக்கிற மெஷினை மஸ்கட்டில் இருந்து அனுப்பலாமா என்று கேட்டிருந்தாய். கொஞ்சம் பொறு.

2021ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த பக்கவாத ஆய்வைத்தான் நீ வாசித்திருப்பாய். அதில் 108 பேருக்கும் ஆபரேஷன் செய்து உடம்புக்குள்ளே அந்த நரம்பைத் தூண்டும் கருவி வைத்தார்கள். பாதிப் பேருக்குப் பயிற்சியில் கை அசையும் நேரத்தில் அரை நொடி கரண்ட். மற்றவர்களுக்குப் பயிற்சியோடு பொய்த் தூண்டல் மட்டும். நல்ல முன்னேற்றம் கண்டவர்கள் கரண்ட் பெற்றவர்களில் 47 சதவீதம், மற்றவர்களில் 24 சதவீதம். காது வழி ஆய்வுகள் இன்னும் சின்னவை, அந்தக் கணக்கை இதற்குப் போடாதே. ஆனாலும் முறையாகச் செய்தால் முயன்று பார்க்கலாம்.

இடது காதுத் துவாரத்துக்கு மேலே ஒரு குழி இருக்கிறதே, எலக்ட்ரோடு அங்கேதான் உட்கார வேண்டும். கம்மல் போடுகிற தொங்கலில் வேகஸ் கிளை கிடையாது. ஆய்வுகளில் ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுக்கிற பொய்ச் சிகிச்சைக்கு அந்த இடத்தைத்தான் பிடிப்பார்கள். மாமா தலை நிறைய தேங்காய் எண்ணெய் வைக்கிறவர். ஸ்பிரிட்டால் துடைத்து, காய விட்டு, ஜெல் தடவணும். எண்ணெய் நின்றால் கரண்ட் ஒரே புள்ளியில் இறங்கிச் சுருக்கென்று குத்தும், பிடுங்கிப் போட்டுவிடுவார்.

மெஷினில் வைக்க வேண்டியது 25 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 25 துடிப்பு), ஒவ்வொரு துடிப்பும் 250 மைக்ரோசெகண்ட். கரண்டை ஒவ்வொரு தடவையும் 0.1 மில்லிஆம்பியர் கூட்டிக்கொண்டே போய், விறுவிறுப்பு தெரிந்து வலி தொடங்குமுன் நிறுத்தணும்.

டிவி பார்த்துக்கொண்டே மாட்டிக்கொண்டிருப்பதில் பலன் எதிர்பார்க்காதே. கரண்டு பாயும் அந்த நொடியில் மூளையில் நார்அட்ரினலின், அசெட்டைல்கோலின் என்ற ரசாயனங்கள் ஊறும். அப்போது கை செய்கிற அசைவுதான் பதியும் என்பதே இதன் அடிப்படை. அதனால் சிரட்டையை எடுத்துப் படியில் வைக்கக் கை நீளும்போதே அத்தை பட்டனை அமுக்கணும். மட்டி வாழைப்பழத்தின் தோல் உரிப்பது விரலுக்கு நல்லது. அந்த லான்செட் ஆய்வில் ஒரு அமர்வுக்கு 300க்கு மேல் அசைவு, வாரம் 3 நாள், 6 வாரம். பயிற்சி குறைந்தால் மெஷின் வீண்.

பேஸ்மேக்கர், இதய பிளாக் (இதயத்துக்குள் மின் துடிப்பு தடைபடுவது), மெதுவான நாடி, வலிப்பு, காதில் புண் இருந்தால் இது வேண்டாம். தலை சுற்றினாலோ நாடி 50க்குக் கீழே போனாலோ உடனே கழற்றி, டாக்டரைக் கேட்கணும்.

தானாக 30 நொடி ஓடி 30 நொடி நிற்கிற மாடல் இதற்கு ஒத்துவராது. கையால் தொடங்கும் பட்டனும் மில்லிஆம்பியர் காட்டும் திரையும் இருக்கணும். தக்கலையில் இருந்து மாமாவை நாகர்கோவிலுக்குக் கூட்டிப்போய் ஈசிஜி எடுத்து இதய டாக்டரிடம் காட்டுகிறோம். அதற்குள் அந்த மெஷினின் மேனுவலை ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து அனுப்பு.

அம்மா