கூலியும் இல்லை, விடுதலையும் இல்லை: அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கு ஒரு திறந்த மடல்

அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் செயற்குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். இருபத்திரண்டு வருடங்களாக உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். விடியற்காலையில் தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் பெண் பிள்ளைகளை ஓடவிடுவேன். பள்ளி விட்டதும் மைதானத்தில் பந்தோடு பயிற்சி. என்னிடம் ஆடிய பிள்ளைகளில் மாவட்ட அணிக்குப் போனவர்கள் நிறைய, மாநில அணிக்குப் போனவர்கள் சிலர். கிளப் ஒப்பந்தம் வரை போனவள் ஒருத்திதான். அந்த ஒருத்திக்காகவும், அவளுக்குப் பின்னால் வரிசையில் நிற்கிற மற்ற பிள்ளைகளுக்காகவும், சம்பளம் தராத மாதங்களிலும் வேறெங்கும் ஆடவிடாத கிளப் ஒப்பந்தங்களைப் பற்றி இந்த மடல்.

எங்கள் மாவட்டத்துக்குப் பெண்கள் கால்பந்து புதிதல்ல. இந்துமதி கதிரேசன் கடலூர்ப் பெண். 2018-இல் தமிழ்நாடு அணி மணிப்பூரை இறுதிப் போட்டியில் தோற்கடித்துத் தேசியப் பட்டம் வாங்கியபோது அந்த அணியில் ஆடியவர். இந்தியாவுக்காக ஆடிய அவர் தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். அதனால் பிள்ளைகளைப் பயிற்சியில் சேர்க்க வருகிற பெற்றோர் என்னிடம் முதலில் கேட்பது, "போலீசு வேலை கெடைக்குமா மிஸ்?" என்றுதான். கால்பந்து ஆடினால் என்ன சம்பளம் என்று இத்தனை வருடத்தில் ஒருவர்கூடக் கேட்டதில்லை. பந்து ஒரு தொழில், அதற்குக் கூலி உண்டு என்ற எண்ணமே எங்கள் பக்கத்து வீடுகளில் இல்லை. ஆகவே ஒரு கிளப், மாதச் சம்பளம் என்று சொல்லித் தாளை நீட்டும்போது அதை யாரும் வாசித்துப் பார்ப்பதில்லை. கும்பிட்டு வாங்கிக்கொள்கிறார்கள்.

அந்தப் பெண்ணுக்கு அப்போது பதினேழு வயது. நெல்லிக்குப்பம் பக்கத்துக் கிராமம். அப்பா கரும்பு வெட்டப் போகிறவர். வெளிமாநிலத்துக் கிளப் ஒன்று அவளை டிரையல்ஸில் பார்த்து எடுத்தது. கிளப்பின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஒரு கிளப் செய்த தவறு என்று ஒதுக்கிவிட்டால் நான் சொல்ல வந்தது கெட்டுப்போகும். ஒப்பந்தம் ஒன்பது பக்கம், முழுக்க ஆங்கிலம், மூன்று வருடம். மகளுக்குப் பதினெட்டு ஆகவில்லை என்பதால் அப்பா கையெழுத்துப் போட்டார். அவருக்குத் தமிழில் பெயர் எழுத மட்டும் தெரியும். ஒன்பது பக்கத்திலும் எழுதினார். நகல் கேட்டபோது பிறகு அனுப்புகிறோம் என்றார்கள். எட்டு மாதம் கழித்து, நான் நாலு தடவை போன் செய்த பிறகு, வாட்ஸ்அப்பில் வந்தது. அன்றைக்குத்தான் அதை உட்கார்ந்து வாசித்தேன்.

மாதம் 12,000 ரூபாய். ஆனால் கேம்ப்பும் போட்டிகளும் நடக்கிற மாதங்களுக்கு மட்டும். முதல் வருடம் அது ஐந்து மாதம்தான், மொத்தம் 60,000. மிச்சம் ஏழு மாதம் சம்பளம் கிடையாது. சாப்பாடு, ஷூ, பிசியோ எல்லாம் அவள் பொறுப்பு. அந்த ஏழு மாதத்திலும் கிளப்பின் எழுத்து அனுமதி இல்லாமல் எந்த அணிக்கும், எந்தப் போட்டியிலும் ஆடக்கூடாது. இது 11-ஆம் பிரிவு. பொங்கலுக்கு நடக்கிற செவன்ஸ் போட்டியில், அதாவது அணிக்கு ஏழு பேர் ஆடும் போட்டியில், ஆடினால் ஒரு நாளைக்கு ஐந்நூறோ ஆயிரமோ கையில் கிடைக்கும். அதுவும் கூடாது.

அவள் அப்பாவிடம் இதைத் தமிழில் படித்துச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "நானும் மேஸ்திரிகிட்ட முன்பணம் வாங்கித்தாம்மா வெட்டுக்குப் போறேன். கணக்கு முடியற வரைக்கும் வேற ஆளுகூட வெட்டுக்குப் போவக் கூடாது. அது சரி. ஆனா வெட்டு இல்லாத மாசத்துல நான் கொத்து வேலைக்குப் போவேன், களையெடுக்கப் போவேன். மேஸ்திரி அதைக் கேக்க மாட்டாரு. இவங்க ஏன் கேக்குறாங்க?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.

இரண்டாம் வருடம் இன்னொரு கிளப் அவளைக் கேட்டது. மாதம் 20,000, பத்து மாதத்துக்கு. எங்களுக்கெல்லாம் கையும் காலும் ஓடவில்லை. பழைய கிளப்பிடம் என்.ஓ.சி., அதாவது வேறு கிளப்புக்குப் போக ஆட்சேபனை இல்லை என்ற சான்று, கேட்டோம். பயிற்சிச் செலவு என்று ஒன்றரை லட்சம் கட்டினால் தருவோம் என்றார்கள். அறுபதாயிரம் சம்பளம் கொடுத்த பெண்ணிடம் ஒன்றரை லட்சம். சரி, அங்கேயே ஆடட்டும் என்று பார்த்தால், அந்த சீசன் இருபத்தைந்து பேர் பட்டியலில் அவளை வைத்துக்கொண்டு பெரும்பாலும் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். இரண்டு மாதச் சம்பளமும் தள்ளிப்போனது. "தானும் படுக்க மாட்டான், தள்ளியும் படுக்க மாட்டான்னு சொல்லுவாங்களே, அதுதான் மிஸ் இது" என்று அவள் அம்மா என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அழுதார். கிளப் மாறுவதற்கான பதிவுக் காலம் முடிந்தது. புதிய கிளப் வேறு பெண்ணை எடுத்துக்கொண்டது. பத்தொன்பது வயதில் ஒரு முழு சீசன் போயிற்று. முப்பது வயதுக்குள் முடிந்துவிடுகிற தொழிலில் ஒரு வருடம் என்பது எவ்வளவு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதன் பிறகுதான் நான் விதிகளைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். கடலூர் நீதிமன்றத்தில் எனக்குத் தெரிந்த வழக்கறிஞர் அம்மா ஒருவர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்.

ஒருவர் சட்டப்படி தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்று 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு சொல்கிறது. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் ஒரு விளம்பர நிர்வாக நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தத்தில், காலம் முடிந்த பிறகும் வேறு யாராவது வாய்ப்புத் தந்தால் முதலில் எங்களிடம்தான் கொண்டுவர வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருந்தது. 2006-இல் அந்த வழக்கில், காலம் முடிந்த பின் இப்படிக் கட்டிப்போட முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. வழக்கறிஞர் அம்மா உடனே நிறுத்தினார். "அது காலம் முடிஞ்ச பிறகு. காலத்துக்கு உள்ள இருக்கற கட்டுப்பாட்டை கோர்ட்டு பொதுவா ஏத்துக்கும்" என்றார். அது நியாயம்தான். ஒரு கிளப்பில் சம்பளம் வாங்கிக்கொண்டு பக்கத்து கிளப்புக்கு ஆடக்கூடாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சம்பளமே தராத ஏழு மாதத்தை எந்தக் கணக்கில் ஒப்பந்த காலம் என்பது?

உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவின் விதியில் இதற்கு ஒரு கதவு இருக்கிறது. குறைந்தது இரண்டு மாதச் சம்பளம் பாக்கி இருந்தால், பதினைந்து நாள் அவகாசம் கொடுத்து எழுத்தில் கேட்க வேண்டும். அதற்குள் தராவிட்டால் வீரர் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். 2018 முதல் இந்த விதி தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. நான் இதைத் தெரிந்துகொண்டபோது பாக்கிப் பணம் வந்துசேர்ந்துவிட்டது. சரியான நேரத்தில் ஒரே ஒரு கடிதம் போதுமாக இருந்திருக்கும். அதை நினைத்தால் இன்றும் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது. அந்த ஒன்றரை லட்சம் இருக்கிறதே, அதையும் தேடினேன். வளர்த்துவிட்ட கிளப்புக்குப் புதிய கிளப் தர வேண்டிய பயிற்சி இழப்பீடு என்று ஃபிஃபாவில் ஒன்று உண்டு. சர்வதேச மாற்றங்களில் அது பெண்கள் கால்பந்துக்குப் பொருந்தாது என்று ஃபிஃபாவே எழுதி வைத்திருக்கிறது. பெண்கள் ஆட்டத்தில் பணம் குறைவு, ஒரு பெண் இடம் மாறுவதை அந்தச் சுமை தடுத்துவிடக் கூடாது என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. உள்நாட்டில் மட்டும் பிள்ளைகளிடமே ஏன் அதைக் கேட்கிறார்கள்?

இது இன்று நேற்றுப் பிறந்த பிரச்சினை இல்லை. புதுச்சேரி உப்பளம் மைதானத்தில் ஒரு போட்டிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போயிருந்தபோது, பிரான்சில் பல வருடம் இருந்துவிட்டு வந்த ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்தார். எங்கள் கதையைக் கேட்டுவிட்டு அவர் சொன்னதை நான் பிறகு தேடிச் சரிபார்த்தேன். பிரான்சில் ஒரு காலத்தில் தொழில்முறை ஆட்டக்காரர் ஒரு கிளப்பில் கையெழுத்துப் போட்டால் 35 வயது வரை அந்தக் கிளப்பின் சொத்து. கிளப் விரும்பினால் விற்கும், விரும்பாவிட்டால் வைத்திருக்கும். 1958-இல் ஐரோப்பாவின் சிறந்த வீரராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ரேமோன் கோப்பா, நாங்கள் அடிமைகள் என்று 1963-இல் வெளிப்படையாகச் சொன்னார். அதற்காக அவருக்கே தண்டனை விதித்தார்கள். 1968 மே மாதத்தில் பாரிஸில் ஆட்டக்காரர்கள் கால்பந்துக் கூட்டமைப்பின் அலுவலகத்துக்குள் புகுந்து, கால்பந்து ஆடுகிறவர்களுக்கே கால்பந்து என்று பதாகை கட்டினார்கள். அடுத்த வருடமே 35 வயதுக் கட்டு அறுந்தது. பெரியவர் இதைச் சொல்லி முடித்தபோது எங்கள் பிள்ளைகள் தண்ணீர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு வாய் திறந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பெல்ஜியத்து ஜான்-மார்க் போஸ்மன் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். 1990-இல் அவர் ஒப்பந்தம் முடிந்தது. கிளப் சம்பளத்தை நாலில் ஒரு பங்காகக் குறைத்தது, வேறு கிளப்புக்குப் போகவும் விடவில்லை. ஐந்து வருடம் வழக்காடி 1995 டிசம்பரில் வென்றார். ஒப்பந்தம் முடிந்த வீரருக்கு இன்று உலகம் முழுவதும் கிடைக்கிற சுதந்திரம் அவர் கொடுத்தது. வென்றபோது அவருடைய ஆட்டக் காலம் ஏறக்குறைய முடிந்திருந்தது. இந்தக் கடைசி வரியைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

கிளப்புகளின் பக்கமும் எனக்குத் தெரியும். பெண்கள் ஆட்டத்துக்கு டிக்கெட் விற்றுப் பணம் பார்த்தவர் யாரும் இல்லை. உள்ளூர், வெளியூர் என்று இரண்டு ஆட்டமாக லீக் மாறியதிலிருந்து பயணச் செலவு கூடிவிட்டது. ஆண்கள் பக்கத்திலேயே, 2025-இல் லீக் நடக்குமா என்று தெரியாத நிலையில் பெரிய கிளப்புகள் சம்பளத்தை நிறுத்தியதைப் பார்த்தோம். சொந்தக் கைக்காசைப் போட்டுப் பெண்கள் அணி நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் அணி நடத்தக் கஷ்டம் என்றால் அந்தக் கஷ்டத்தை முழுவதும் கரும்பு வெட்டுகிறவர் வீட்டுப் பெண்ணின் தலையில் இறக்கிவைக்கலாமா? பணம் தர முடியாத மாதத்தில் விடுதலை தருவதற்கு ஒரு கிளப்புக்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

நீங்கள் எதுவும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். இந்தியப் பெண்கள் லீக்கின் ஒவ்வொரு கிளப்பும் குறைந்தது பத்து இந்திய வீராங்கனைகளுக்கு ஆண்டுக்கு 3.2 லட்சம் தர வேண்டும் என்று 2023 ஏப்ரலில் அறிவித்தீர்கள். அந்தச் செய்தியை வெட்டி எங்கள் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். மாதம் 26,000-க்கு மேல் வருகிற கணக்கு அது. ஆனால் அணியில் பத்து பேரா இருக்கிறார்கள்? பதினோராவது பெண்ணுக்கு என்ன? எங்கள் ஊர்ப் பிள்ளை எப்போதும் பதினோராவதாகவோ இருபதாவதாகவோதான் உள்ளே போகிறாள். கீழ்ப் பிரிவு கிளப்புகளில் ஆடுகிறவளுக்கு இந்தப் பத்துக்குள் இடமே இல்லை.

ஆகவே கேட்கிறேன். சம்பளம் தராத மாதங்களில் வீராங்கனையை எந்தப் போட்டியிலிருந்தும் தடுக்கும் பிரிவு இருந்தால் அந்த ஒப்பந்தத்தை உங்கள் பதிவு முறையில் ஏற்காதீர்கள். இதை முதலில் செய்யுங்கள், மற்றதெல்லாம் பிறகு. என்.ஓ.சி. கேட்டால் இத்தனை நாளுக்குள் பதில் தர வேண்டும், தராவிட்டால் தந்ததாகவே கொள்ளப்படும் என்று ஒரு விதி போடுங்கள். பிள்ளைகளிடம் பயிற்சிச் செலவு கேட்பதை வெளிப்படையாகத் தடைசெய்யுங்கள். ஒப்பந்தம் அவளுடைய தாய்மொழியிலும் இருக்கட்டும், கையெழுத்துப் போட்ட அன்றே ஒரு நகல் அவள் கையில் இருக்கட்டும். பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவளுக்காகப் பெற்றோர் கையெழுத்திடும்போது, கிளப்பைச் சாராத ஒருவர் அதைப் படித்துச் சொல்ல வேண்டும். அது மாவட்டச் சங்கத்து ஆளாக இருக்கலாம், என்னைப் போன்ற ஒரு டீச்சராகவும் இருக்கலாம். நான் காசு வாங்காமல் செய்வேன். முழங்கால் ஜவ்வு கிழிந்தால் சிகிச்சை யார் செலவு என்று என் கையில் இருக்கிற ஒன்பது பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை. கர்ப்பமான வீராங்கனைக்குக் குறைந்தது பதினான்கு வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்று 2021-இலிருந்து ஃபிஃபா விதி இருக்கிறது. அதைப் பற்றியும் இல்லை.

அந்தப் பெண் இப்போது காலையில் என்னோடு கடற்கரைக்கு வருகிறாள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பந்தை நிறுத்தக் கற்றுக்கொடுக்கிறாள். ஒப்பந்தம் முடிய இன்னும் சில மாதம் இருக்கிறது. போன வாரம் அந்தப் பிள்ளைகள் எதிர்ப் பக்கம் ஒரு ஆள் குறைகிறது, நீங்க வாங்க அக்கா என்று கையைப் பிடித்து இழுத்தார்கள். அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "மிஸ், இதுல ஆடலாமா? யாராவது போட்டோ எடுத்துப் போட்டா ஏதாவது சொல்லுவாங்களா?"

ஒப்பந்தத்தில் பெயர்களை மறைத்துவிட்டு, 11-ஆம் பிரிவு உள்ள பக்கத்தின் நகலை இந்த மடலோடு இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் உடற்கல்வி ஆசிரியை,
மஞ்சக்குப்பம், கடலூர்.