மாரித் பியோர்கனுக்கு: 0.3 விநாடியும் 940 மணி நேரமும்

அன்புள்ள மாரித் பியோர்கன் அவர்களுக்கு,

நார்வேக்காக, நெடுந்தூரப் பனிச்சறுக்கில் (கிராஸ்-கன்ட்ரி) ஐந்து குளிர்கால ஒலிம்பிக், 15 பதக்கம், அதில் 8 தங்கம். இந்தக் கணக்கை எல்லோரும் எழுதிவிட்டார்கள். எங்கள் மனதில் நிற்பவை உங்களுடைய இரண்டு 30 கிலோமீட்டர் பந்தயங்கள். இரண்டுமே கிளாசிக் முறை, அதாவது இரு பலகையையும் இணையாக வைத்து நேராக முன்னே உதைத்துப் போகும் முறை. 2010 வான்கூவரில் போலந்தின் யுஸ்தினா கோவால்சிக்கிடம் வெறும் 0.3 விநாடியில் தங்கத்தை இழந்தீர்கள். 2018 பியோங்சாங்கில் இரண்டாவதாக வந்தவரைவிட 1 நிமிடம் 49.5 விநாடி முன்னால் வந்தீர்கள். அப்போது உங்களுக்கு வயது 37. மகன் பிறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

கிளாசிக் முறையில் இவ்வளவு இடைவெளி எவ்வளவு அரிது என்பது பனிச்சறுக்குப் பலகையைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பலகையின் நடுப்பகுதி வில்போல மேலே வளைந்திருக்கும். எடை இரு காலிலும் பகிர்ந்து நிற்கும்போது நடுப்பகுதி பனியை அழுத்தாது. முனைகள் வழுக்கிக்கொண்டு போகும். முழு எடையையும் ஒரே காலில் இறக்கி உதைக்கும் கணத்தில்தான் வளைவு தட்டையாகி, நடுவில் பூசிய பிடிமெழுகு பனியைக் கவ்வும். கால் உடலைத் தாண்டிப் பின்னே போனபிறகு உதைத்தால் பிடி கிடைக்காது, பலகை பின்னால் சறுக்கும். களைப்பு வந்ததும் முதலில் கெடுவது இதுதான். இடுப்பு பின்தங்கி உட்கார்ந்துவிடும், எடை முழுதாக இறங்காது, பழி மெழுகின் மேல் விழும்.

மெழுகும் சில நாள் காலை வாரிவிடும். தடிப்பாக ஒரே பூச்சில் பூசினால் பனி ஒட்டிக் கட்டியாகிவிடும்; மெல்லிய பூச்சாக நான்கைந்து முறை பூசி, ஒவ்வொன்றையும் தக்கையால் தேய்த்துப் பரப்ப வேண்டும். உருகி மறுபடி உறைந்த பனி உப்புத்தாள் மாதிரி. 30 கிலோமீட்டர் முடிவதற்குள் மெழுகை உரித்துவிடும். அதற்காகத்தான் அடியில் ஒட்டுப்பூச்சை இஸ்திரிச் சூட்டில் உருக்கிப் படியவைப்பது. பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டிப் புதுப்பனி விழும் நாள்தான் எல்லாவற்றிலும் கஷ்டம்: பாதையின் ஒரு திருப்பத்தில் ஒட்டும், அடுத்த திருப்பத்தில் சறுக்கும். 2014 சோச்சியின் இளகிய பனியில் உங்கள் ரிலே (தொடர் பந்தய) அணி ஐந்தாம் இடத்துக்குப் போனபோது, பலகை ஓடாவிட்டால் எப்பேர்ப்பட்ட கால்களாலும் ஈடுகட்ட முடியாது என்று உலகமே பார்த்தது.

ஆனாலும் ஒன்றேமுக்கால் நிமிடம் மெழுகால் மட்டும் வராது. அது எங்கிருந்து வந்தது என்பதற்கு உங்கள் பயிற்சிக் குறிப்பேட்டில் தடயம் இருக்கிறது. 17 வருடக் குறிப்புகளை ஆய்வாளர்களிடம் கொடுத்தீர்கள். 2017இல் அது கட்டுரையாக வந்தது. 20 வயதில் வருடத்துக்கு 522 மணி நேரம், பின்னாளில் 940. உச்சத்தில் இருந்த வருடங்களில் தாங்குதிறன் பயிற்சியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மெதுவான வேகம், அதாவது பேச்சுக் கொடுத்துக்கொண்டே போகக்கூடிய வேகம். இளம் வீராங்கனைகள் தவறுவது இங்கேதான். மெதுவான நாளில் கொஞ்சம் வேகமாகப் போய்விடுவார்கள், களைப்பு தீராது, கடினமான நாளில் அரைகுறையாகத்தான் முடுக்க முடியும். வருடக் கடைசியில் எல்லா நாளும் ஒரே நடுத்தர வேகத்தில் கழிந்திருக்கும்.

2003இல் உலகச் சாம்பியன் ஆனது ஸ்பிரின்ட் என்ற குறுந்தூரப் பந்தயத்தில். அந்தக் கைவலுவை, இரு கோலையும் ஒருசேர ஊன்றித் தள்ளும் வலுவை, நீங்கள் கைவிடவில்லை. அதற்கு அடியில் வருடா வருடம் மணிநேரங்களை அடுக்கினீர்கள். 2009 லிபெரெத்ஸ் உலகச் சாம்பியன்ஷிப்பில் ஒரு பதக்கம்கூட இல்லை, அடுத்த வருடம் வான்கூவரில் ஐந்து. ஒரு மோசமான பருவத்தைப் பார்த்துப் பயிற்சியையே தலைகீழாக்கத் துடிக்கும் பயிற்சியாளர்களிடம் நாங்கள் காட்டுவது இந்த இரண்டு வருடங்களைத்தான்.

கர்ப்பகாலத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் செய்த பயிற்சியையும் வெளியிடச் சம்மதித்தீர்கள். 2015 டிசம்பரில் மகன் பிறந்தான். 2017 லாஹ்தி உலகச் சாம்பியன்ஷிப்பில் நான்கு தங்கம். இடைப்பட்ட மாதங்களில் என்ன செய்தீர்கள் என்பதை, தாயான ஒரு வீராங்கனை இன்று எடுத்துப் படிக்க முடிகிறது. முன்பு அவர்களுக்கு அப்படி ஒரு தாள் கிடைப்பதே அரிது. அதற்காகத்தான் இந்தக் கடிதம். மிக்க நன்றி.