தொண்டை கட்டினால் கதவு திறக்காது

ஆசிரியருக்கு வணக்கம்.

கட்டட வாசலில் அட்டைக்குப் பதில் இனி குரலும் கையெழுத்தும்தான் என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள். நல்ல கட்டுரை, ஆனால் ஏதோ நேற்று முளைத்த சமாச்சாரம் மாதிரி எழுதியதுதான் இடித்தது. அமெரிக்க விமானப்படைக்காக மைட்டர் என்ற ஆராய்ச்சி நிறுவனம் 1970களிலேயே இரண்டையும் சோதித்துப் பார்த்தாயிற்று. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1976ல் செய்த குரல் கருவி, பேனாவை எவ்வளவு அழுத்துகிறோம் என்று பார்க்கும் வெரிபென் கருவி, எல்லாம் அங்கே போய் வந்தவைதான்.

நான் எழுத வந்தது வேறு. சோழிங்கநல்லூர் பக்கம் ஒரு அலுவலகத்தில் அட்மின் வேலை எனக்கு. சர்வர் அறைக் கதவில் மைக்கும் கையெழுத்துப் பலகையும் மாட்டி ஒரு மாதம் சோதித்தார்கள். மாதிரி எடுத்தது முழுக்க இன்ஜினியர் பிள்ளைகளிடம், அதுவும் ஒரே நாளில், சத்தமில்லாத மீட்டிங் அறையில் உட்காரவைத்து. ஆனால் அந்தக் கதவை அதிகம் திறப்பவர்கள் துடைக்க வரும் அக்காவும் ராத்திரி டூட்டி செக்யூரிட்டி அண்ணனும்தான். அவர்களைக் கடைசி வாரத்தில்தான் ஞாபகம் வந்து சேர்த்தார்கள்.

அக்கா தன் பெயரை எழுத்துக் கூட்டித்தான் போடுவார். இந்தப் பலகை வடிவத்தை மட்டும் பார்ப்பதில்லை, கை போகும் வேகம், அழுத்தம், எங்கே பேனாவைத் தூக்குகிறோம் என்பதையெல்லாம் பார்க்கிறது. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நின்றபடி போடும் கையெழுத்து காலையில் ஒரு வேகம், மாலையில் ஒரு வேகம். அண்ணனுக்கோ மழைக்காலச் சளி, பக்கத்தில் ஜெனரேட்டர் இரைச்சல், சொல்லவேண்டிய வாக்கியமும் ஆங்கிலத்தில். ஆறு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, "என்னய்யா வேணும் உனக்கு?" என்று கதவையே கேட்டார். அதற்கும் சிவப்பு விளக்குதான்.

சரி, அறிக்கையில் என்ன வந்தது? துல்லியம் என்று ஒரே ஒரு எண். தப்பு இரண்டு வகை இல்லையா: வேற்று ஆளை உள்ளே விடுவது, உரிய ஆளை வெளியே நிறுத்துவது. ஒன்றை இறுக்கினால் மற்றது ஏறும். இரண்டையும் ஒரே எண்ணில் போட்டால் எது எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? எத்தனை தடவை முயற்சி செய்ய விடுகிறோம் என்பதும் கணக்கில் வரவேண்டும். 2017ல் பிபிசி நிருபர் ஒருவரின் இரட்டைச் சகோதரர், அச்சு அசல் ஒரே மாதிரி இருக்கும் இரட்டையர்கூட இல்லை, அந்த நிருபரின் குரலைப் போலப் பேசி எச்எஸ்பிசி வங்கியின் குரல் சோதனையைத் தாண்டினார். அதற்கு முன் ஏழு தடவை தோற்றும் அவரை நிறுத்தவில்லை. இப்போது மூன்று வினாடிப் பதிவு இருந்தால் அதே குரலில் பேசவைக்கலாம் என்று 2023ல் மைக்ரோசாப்ட் ஆய்வாளர்கள் வேறு காட்டிவிட்டார்கள். அடுத்த முறை இந்தக் கருவி விற்பவர்களைப் பேட்டி எடுத்தால் இதையெல்லாம் கேட்டுப் போடுங்களேன்.

அப்புறம் ஒன்று. அந்தக் கடைசி வாரத்தில், வேலை நடக்கவேண்டுமே என்று அக்கா ஒரு அட்டைப்பெட்டியை மடித்துக் கதவிடுக்கில் செருகிவைத்தார். பாதி நாள் கதவு திறந்தேதான் கிடந்தது. அறிக்கையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இப்படிக்கு,
சோழிங்கநல்லூர் வாசகர்
(வேலை போய்விடும், பெயர் வேண்டாம்)