திகதியைப் பாருங்கள், கிழமையை அல்ல: எங்கள் சனசமூக நிலைய நிருவாக சபைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர், நிருவாக சபை உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

மண்டப அறிவித்தல் பலகையில் ஒட்டிய தாளை இனியாவது கழற்றுங்கள். "றெஸ்லிங் பார்ப்போர்: மாதக் கடைசித் திங்கட்கிழமை காலை 5.30 முதல் 8.30 வரை மட்டும்" என்று அதில் இருக்கிறது. ஒட்டிய காலத்தில் அது சரியான தாள்தான். டபிள்யூ.டபிள்யூ.ஈ. என்ற றெஸ்லிங் நிறுவனம் தன் பெரிய பே-பெர்-வியூ (காசு கட்டிப் பார்க்கிற) நிகழ்ச்சிகளை அமெரிக்காவில் ஞாயிறு இரவு வைக்கும், எங்களுக்குத் திங்கள் விடியும். "திங்கட்கிழமை விடியப் பெடியள் ரிவிக்கு முன்னால் குந்தினால் பள்ளிக்கூடம் என்னாகிறது?" என்று பொதுக்கூட்டத்தில் எழும்பி நின்றவர்களையும் சமாளித்துத்தான் நீங்கள் அனுமதி தந்தீர்கள். அதற்கு இன்றும் நன்றி.

ஆனால் அந்தத் திங்கள் இப்போது இல்லை. 2021இல் சம்மர்ஸ்லாம் என்ற பெரிய நிகழ்ச்சியைச் சனிக்கிழமைக்குக் கொண்டுபோனார்கள். 2022இல் றோயல் றம்பிளும் சனிக்குப் போனது. இன்றைக்குப் பெரும்பாலான நிகழ்ச்சிகள் சனி இரவு. அதாவது எங்களுக்கு ஞாயிறு விடிய. பள்ளிக்கூடம் இல்லை, வேலை இல்லை. உங்கள் பழைய முறைப்பாட்டை அமெரிக்காக்காரனே தீர்த்துவைத்தான் என்று நாங்கள் சந்தோசப்பட்டோம். நீங்கள் சந்தோசப்படவில்லை. ஞாயிறு காலை எட்டு மணிக்கு மண்டபத்தில் அறநெறி வகுப்பு.

வகுப்பைத் தள்ளிவைக்கச் சொல்லி நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. அங்கே படிப்பதும் எங்கள் பிள்ளைகளும் தம்பி தங்கைகளும்தான். நாங்கள் கேட்பது ஒன்று. நிகழ்ச்சி உள்ள நாளில் ரிவியை முன்பக்கத்துப் பழைய பத்திரிகை அறைக்கு மாற்ற அனுமதியுங்கள். கடைசிப் போட்டி முடியும்வரை அந்த அறையைத் திறந்து வையுங்கள்.

இந்த வருடம், 2025 ஆகஸ்ட் 3ஆம் திகதி காலை நடந்தது உங்கள் காதுக்கு வந்திருக்கும், என்றாலும் சொல்கிறேன். சம்மர்ஸ்லாம் முதல் நாள். விடியற்காலை மூன்றரைக்குத் தொடங்கியது. மேசன் வேலைக்குப் போகிறவர்கள், ஓட்டோ ஓடுகிறவர்கள், ஏ.எல். எடுக்கிற பெடியள் என்று எல்லாரும் கதிரை இழுத்துப் போட்டு இருந்தோம். கடைசிப் போட்டி குந்தருக்கும் சி.எம். பங்குக்கும். பங்க் வென்றார். 2013 றோயல் றம்பிளில் றொக்கிடம் பட்டத்தைக் கொடுத்துவிட்டுப் போன மனுசன், அதற்குப் பிறகு அந்த நிறுவனத்தில் பட்டம் எதையும் தொடாதவர், பெல்ற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறார். அந்த நேரம்தான் மண்டபம் பார்க்கிற அண்ணை ஒரு கையில் விளக்குமாறும் மறுகையில் பினோல் வாளியுமாக வந்து, "தம்பியவை, நேரமாச்சு" என்று பிளக்கைக் கழற்றினார். அவரில் பிழை இல்லை. எட்டு மணிக்குள் கூட்டிக் கழுவிப் பாய் விரிக்காவிட்டால் அவருக்குத்தான் ஏச்சு விழும்.

வென்றவரைத்தான் கண்டுவிட்டோமே என்று நீங்கள் நினைக்கலாம். அங்கேதான் விசயம் இருக்கிறது. பிளக் கழன்ற பிறகு சேத் றொலின்ஸ் ஊன்றுகோலோடு வந்தார். ஜூலையில் முழங்கால் போய்விட்டது என்று ஊரை நம்பவைத்தவர், நடுவழியில் ஊன்றுகோலை எறிந்துவிட்டு ஓடிவந்து, கையில் வைத்திருந்த மணி இன் த பாங்க் வாய்ப்பை (நினைத்த நேரத்தில் பட்டத்துக்கு மோதலாம் என்ற உரிமை) பாவித்துப் பங்கிடமிருந்து பட்டத்தைப் பறித்தார். இந்த வருடத்தின் பெரிய திருப்பம் அது. நாங்கள் வெளியே வேப்பமரத்துக்குக் கீழே ஒரே போனைச் சுற்றி நின்று, திரையில் சுற்றுகிற வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆர் வென்றது என்பதைக் கனடாவில் இருக்கிற ஒருவரின் மெசேஜ் வந்துதான் அறிந்தோம். கூட இருந்த பெடியன் ஒருவனுக்குக் கண் கலங்கிப் போனது. பதினாறு வயது, அவனுக்கு அது பெரிய விசயம்.

அதைவிடக் கூத்து அடுத்த நாள். சம்மர்ஸ்லாமை இந்த முறைதான் முதன்முதல் இரண்டு நாளாக்கினார்கள். றெஸில்மேனியா 2020இலிருந்தே அப்படி. இரண்டாம் நாள் ஞாயிறு இரவு வருவதால் எங்களுக்குப் பழையபடி திங்கள் விடிய. உங்கள் தாளிலும் திங்கள் என்றுதானே இருக்கிறது என்று போனோம். "இது மாதக் கடைசித் திங்கள் இல்லை, முதல் திங்கள்" என்று விடை வந்தது. ஜோன் சீனாவும் கோடி றோட்ஸும் மோதிய போட்டியை ஒருவரும் முழுதாய்ப் பார்க்கவில்லை. 25ஆம் திகதி, மாதக் கடைசித் திங்கள், காலை 5.30க்கு மண்டபம் எங்களுக்காகத் திறந்திருக்கும். அன்றைக்கு நாங்கள் பார்க்கிற பெரிய நிகழ்ச்சி ஒன்றும் இல்லை. விரும்பினால் வந்து வெறும் திரையைப் பார்த்துவிட்டுப் போகிறோம்.

ஞாயிறு என்று திருத்தி எழுதினாலும் போதாது, ஐயா. வருகிற 31ஆம் திகதி நிகழ்ச்சி பாரிஸில். அவர்களுக்கு இரவு எட்டு மணி, எங்களுக்கு ஞாயிறு இரவு பதினொன்றரை. ஒக்டோபர் 11 அவுஸ்திரேலியாவில், பேர்த் நகரில். அது எங்களுக்குச் சனிக்கிழமை பின்னேரம். ஒன்று விடியப்புறம், ஒன்று நடுச்சாமம், ஒன்று விளக்கு வைக்கிற நேரம். போதாக்குறைக்கு அமெரிக்காவில் மார்ச் மாதம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்தள்ளி நவம்பரில் பின்னுக்கு எடுப்பார்கள். அங்கே ஆறு மணிக்கென்று சொல்கிற நிகழ்ச்சி இங்கே கோடையில் மூன்றரைக்கும் மாரியில் நாலரைக்கும் வரும். இதை எப்படி ஒரு கிழமைக்குள்ளும் ஒரு நேரத்துக்குள்ளும் அடக்குவது? நிறுவனம் திகதிகளை முன்கூட்டியே அறிவிக்கிறது. அந்தப் பட்டியலை நாங்களே இலங்கை நேரத்துக்கு மாற்றி எழுதித் தருகிறோம். நீங்கள் கையெழுத்து வைத்துப் பலகையில் போட்டால் போதும். திகதியைப் பார்த்துத் திறவுங்கள், கடைசிப் போட்டி முடியப் பூட்டுங்கள்.

நேரம் கெட்ட நேரத்தில் மண்டபம் திறப்பதில்லை என்று சபை சொல்லியதாக அறிகிறோம். 2022 கத்தார் உலகக் கிண்ணத்துக்கு நடுச்சாமம் பன்னிரண்டரை ஆட்டங்களுக்கெல்லாம் மண்டபம் திறந்துதான் இருந்தது. முற்றத்தில் பந்தல், தேத்தண்ணி, பணிஸ். சபையில் சிலர் ஆர்ஜென்ரீனா சேட்டோடு முன்வரிசையில் இருந்ததை ஊரே பார்த்தது. வடக்கின் பெருஞ்சமர் நாட்களில் ஸ்கோர் சொல்ல ஒலிபெருக்கியே கட்டுகிறீர்கள். கட்டுங்கள், நாங்களும் கேட்கிறோம். ஊர் நித்திரை குழம்புவது றெஸ்லிங்குக்கு மட்டும்தான் என்பதைத்தான் விளங்கிக்கொள்ள முடியவில்லை.

"அது பொய்ச்சண்டை" என்பார்கள். ஓம், முடிவு முதலே எழுதப்பட்டது, அது எங்களுக்கும் தெரியும். காத்தவராயன் கடைசியில் கழுவேறுவான் என்று தெரிந்துகொண்டுதானே உங்கள் தகப்பன்மார் பாயோடு போய் விடிய விடியக் கூத்துப் பார்த்தார்கள்? கழுவேறுகிற கட்டத்தில் ஒருவர் வந்து பெற்றோல்மக்சை நூர்த்திருந்தால் அண்ணாவியார் சும்மா விட்டிருப்பாரா?

இதைப் பிள்ளைகள் விசயம் என்று ஒதுக்குகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல இருக்கிறது. அண்டர்டேக்கர் என்ற பேர்போன றெஸ்லிங்காரர் முதன்முதல் மேடையேறியது 1990 நவம்பரில், சர்வைவர் சீரிஸில். அது ஒரு வியாழக்கிழமை (நாளை மாற்றுவது இவர்களுக்குப் புதிதில்லை). குடாநாட்டில் அப்போது கரண்ட் இல்லை. எப்போதோ கைமாறி வந்த கசற்றை, ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு, டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்குப் பிடித்துப் பார்த்தவர்கள் இன்றும் எங்களோடு வந்து இருக்கிறார்கள். தலை நரைத்த ஆட்கள், பேரப்பிள்ளை கண்டவர்கள். அவர்களையும் "தம்பியவை" என்றுதான் அன்றைக்கு எழுப்பி அனுப்பினது.

அந்த ரிவியின் கீழே ஒரு பெயர்த்தகடு இருக்கிறது, தெரியும்தானே. ரொறன்ரோவில் இருந்து அன்பளிப்புச் செய்தவரின் பெயர். அவர் சம்மர்ஸ்லாமைச் சனிக்கிழமை பின்னேரம் ஆறு மணிக்கு, தன் வீட்டு வரவேற்பறையில், ஒருவரும் பிளக் கழற்றாமல் பார்த்தவர். எங்களுக்கு மெசேஜ் போட்டவரும் அவர்தான். ரிவியை ஊருக்கு வாங்கித் தந்தவரிடமே முடிவைக் கேட்டறிந்த ஊர் எங்களுடையது.

கோபத்தில் இரண்டொரு சொல் கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். செலவு எதையும் சபையின் தலையில் போடவில்லை. நிகழ்ச்சிக்குரிய கட்டணம் எங்களுடையது, கரண்ட் காசுக்கு ஒரு தொகை போடுகிறோம், அறையைக் கூட்டித் துடைத்துவிட்டுத்தான் போவோம். நடுச்சாம நிகழ்ச்சிக்குச் சத்தத்தைக் குறைத்து, ஜன்னலைச் சாத்தி வைக்கிறோம். பள்ளிக்கூடப் பிள்ளைகளைத் திங்கட்கிழமைகளில் தாய் தகப்பன் சொல்லி அனுப்பாமல் உள்ளே எடுக்கமாட்டோம். பத்திரிகை அறை, கடைசிப் போட்டி முடியும்வரை. இவ்வளவும்தான் கேட்கிறோம்.

பாரிஸ் நிகழ்ச்சிக்கு இன்னும் நாள் இருக்கிறது. அன்றிரவு அறைத் திறப்பை ஆரிடம் வாங்குவது என்று பலகையில் ஒரு வரி எழுதிவிட்டால் பேருதவி. முடியாது என்றாலும் அதையும் எழுத்தில் தாருங்கள். வாய்ப்பேச்சில் சொல்லி அனுப்பவேண்டாம். அடுத்த பொதுக்கூட்டத்தில் நாங்களும் எழும்பி நிற்க ஒரு தாள் வேண்டும்.

இப்படிக்கு,
றெஸ்லிங் பார்ப்போர் சார்பில்,
இந்த வருடச் சந்தாவைக் கட்டி முடித்த அங்கத்தவர் ஒருவர்