சாப்பிட்டா காசு குடுப்பாங்கன்னு போட்டிருந்தீங்களே, அதப் பத்தி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல பகுதிநேர வேலைகள் பத்தி ஒரு பக்கம் வந்துச்சுல்லங்க, அதுல மிஸ்டரி ஷாப்பிங்குன்னு நாலே வரி போட்டிருந்தீங்க, ஓட்டலுக்குப் போயி சாப்பிட்டா போதும், கம்பெனியே காசு குடுக்கும்னு. நெசத்துல அது, யாருன்னு சொல்லாம சாதாரண கஸ்டமர் மாதிரி கடைக்குப் போயி, அங்க எல்லாம் சரியா நடக்குதான்னு பாத்து கம்பெனிக்கு ரிப்போர்ட் எழுதற வேலைங்க. அன்னைக்கு சாயங்காலம் எங்க காம்பவுண்டுல இதே பேச்சுதான், ஒருத்தங்க நாளைக்கே சேரணும்ங்கறாங்க, இன்னொருத்தங்க புருசனையும் கூட்டிட்டுப் போலாமான்னு கேக்கறாங்க. நான் ஆறு வருசமா இதத்தான் பண்ணிட்டு இருக்கேன், ஆனா அது என் வீட்ல இருக்கறவங்களத் தவிர யாருக்கும் தெரியாது, தெரியவும் கூடாது, அதனால வாயே தொறக்காம முருங்கைக்கீரைய உருவிட்டு உக்காந்திருந்தேன். அங்க சொல்ல முடியாதத இங்க எழுதறேன்.

நான் மில்லு ஆபீஸ்ல அக்கவுன்ட்ஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவ. எனக்கு அதிகமா வர்ற அசைன்மென்ட்டு, கவுன்டர்ல நின்னு ஆர்டர் சொல்லி, நம்ம கண்ணு முன்னாடியே சோறு காய் சாஸெல்லாம் ஒவ்வொண்ணா போட்டுக் கிண்ணத்துலயோ ரோல்லயோ குடுக்கறாங்களே, அந்த மாதிரி கடைங்கதான். ஃபாஸ்ட் கேஷுவல்னு பேரு வச்சிருக்காங்க, கையேந்தி பவனுக்கும் ஏசி டைனிங்குக்கும் நடுவுலன்னு வச்சுக்குங்க. அவினாசி ரோட்டுல, மாலுக்குள்ள, இப்ப எங்க திரும்புனாலும் இருக்குது.

மொதல்ல காசு விசயம். எனக்கு பெரும்பாலும் பில்லு 400 ரூபா வரைக்கும் திருப்பித் தருவாங்க, மேல ஒரு 200 ரூபா கூலி, அது அக்கவுன்ட்டுல ஏற ஒரு மாசம் ஒன்றரை மாசம் ஆகும். பில்லு 460 வந்துச்சுன்னா 60 நம்ம கைக்காசு, பில்லத் தொலைச்சோம்னா அத்தனையும் கைக்காசு. சாப்பிடறதுக்கு இருபது நிமிசம், வீட்டுக்கு வந்து எழுபது எண்பது கேள்விக்கு ரிப்போர்ட் எழுத ஒன்றரை மணி நேரம், அதுவும் பாதிப்பேரு 12 மணி நேரத்துக்குள்ள அனுப்பச் சொல்லுவாங்க. சும்மா சோறுன்னு நெனச்சு வர்றவங்க ரெண்டாவது அசைன்மென்ட்டுலயே ஓடிருவாங்க.

சேரும்போது யாராச்சும் பதிவுக் கட்டணம், ட்ரெய்னிங் ஃபீஸுன்னு கேட்டா அங்கயே நிறுத்திருங்க. நெசமா இந்த வேலை குடுக்கற கம்பெனி நம்மகிட்ட காசு வாங்காது. எம்எஸ்பிஏன்னு இந்தத் தொழில் கம்பெனிகளுக்கு உலக அளவுல ஒரு சங்கம் இருக்குது, அதுல இருக்கற கம்பெனியான்னு பாத்துக்கலாம். டெலிகிராம்ல ஓட்டலுக்கு ரிவ்யூ போடுங்க, மொதல்ல 1000 கட்டுங்கன்னு வர்றது எல்லாம் திருட்டுப் பசங்க வேலை. ஏமாந்துட்டீங்கன்னா வெக்கப்படாம உடனே சைபர் மோசடிப் புகார் நம்பர் 1930க்கு போன் போடுங்க.

சரி, இப்ப நான் எதுக்கு இந்த லெட்டர எழுத உக்காந்தேனோ அதுக்கு வர்றேன்.

ரெண்டாவது வருசம்னு நெனைக்கறேன். மத்தியானம் 1 மணி, நல்ல கூட்டம். ஃபார்ம்ல ரெண்டு நேரம் தனித்தனியா கேட்டிருந்தாங்க, வரிசைல நின்னதுல இருந்து ஆர்டர் சொல்ற வரைக்கும் எவ்வளவு, காசு குடுத்ததுல இருந்து சாப்பாடு கைக்கு வர்ற வரைக்கும் எவ்வளவுன்னு. நான் என்ன பண்ணுனேன், உள்ள வந்த நேரத்த வச்சே ரெண்டாவதையும் கணக்குப் போட்டு 9 நிமிசம்னு எழுதிட்டேன். அவங்க லிமிட்டு 6 நிமிசம். அதுக்கு மேல நான் ஒண்ணும் யோசிக்கல, காசும் வந்துருச்சு. அடுத்த மாசம் என் பொண்ணு ஊர்ல இருந்து வந்தப்ப அவளே அந்தக் கடைக்குத்தான் போலாம்னு இழுத்துட்டுப் போனா, சும்மா கஸ்டமராத்தான் போனோம். கவுன்டருக்குப் பக்கத்து டேபிள். அந்தப் பையன், எனக்கு அன்னைக்கு கிண்ணத்த நீட்டுனவனேதான், மேனேஜர்கிட்ட மெதுவா சொல்லிட்டு இருக்கறான், "சார் 5 நிமிசத்துல குடுத்தேன் சார், பில்லுலயே டைம் இருக்குது, மிஸ்டரி 9ன்னு எழுதிட்டுப் போயிருச்சு, இன்சென்டிவ் போச்சு"ன்னு. எனக்கு வாயில வச்ச சோறு எறங்கல. என் பொண்ணு ஏம்மா உப்பு ஜாஸ்தியான்னு கேக்கறா. வீட்டுக்கு வந்து பழைய பில்ல எடுத்துப் பாத்தா 1.12, நான் எடுத்த சாப்பாட்டு ஃபோட்டோல 1.17, அவன் சொன்னது சரி. கம்பெனிக்கு அன்னைக்கு ராத்திரியே மெயில் போட்டேன், அந்த மாசக் கணக்கு முடிஞ்சு போச்சுன்னு பதில் வந்துச்சு. அவ்வளவுதான். மில்லுல ஒரு பைசா டேலி ஆகலன்னா ராத்திரி 8 மணி வரைக்கும் உக்காந்தவ நான்.

அதுக்கப்பறம் மனசுல கணக்குப் போடறதே கெடையாது. கடை வாசல்ல நுழைஞ்சதும் வீட்டுக்காரருக்கு ஒரு மிஸ்டு கால், ஆர்டர் சொல்ல ஆரம்பிக்கறப்ப ஒண்ணு, சாப்பாடு கைக்கு வந்ததும் ஒண்ணு. கால் லாக்ல நேரம் தானா பதிவாயிருக்கும், பாக்கறவங்களுக்கு யாரோ எடுக்க மாட்டேங்கறாங்க போலன்னுதான் தோணும். காசு குடுத்த நேரம் பில்லுல இருக்குது. ஸ்டாப் வாட்ச்ச தொறந்து வச்சுக்கிட்டு நின்னீங்கன்னா நீங்க யாருன்னு கல்லாவுல இருக்கறவனுக்குப் பத்து செகண்ட்ல தெரிஞ்சுரும். நோட்டு பேனாவும் அதே மாதிரிதான். ஃபோட்டோவுக்கு மட்டும் பயமே வேண்டாம், இப்ப ஃபோட்டோ எடுக்காம சாப்பிடறவங்களத்தான் திரும்பிப் பாக்கறாங்க.

ஆளு பேரு கேட்டா பில்லுல கேஷியர் பேரு இருக்குதான்னு பாருங்க, சட்டையில பேட்ஜ் இருந்தா ஒரு தடவ பாத்தா போதும், நெஞ்சயே மொறச்சுட்டு நிக்காதீங்க. ரெண்டும் இல்லன்னா கண்ணாடி, தாடி, ஒசரம், எந்த வேலைல நின்னாங்கன்னு எழுதுங்க. பக்கத்துல இருந்தவங்க பண்ணுன தப்ப இவங்க தலைல கட்டிராதீங்க.

எதுல நெறய கவனிக்கலாம்னா, க்ளவுஸ்லங்க. கை கழுவாம தொட்டா நமக்கே தெரியும், க்ளவுஸ் போட்டிருந்தா சுத்தம்னு நெனச்சுக்கறோம். ஒரு தடவ நான் பாத்தேன், ஒரு பொண்ணு அந்த க்ளவுஸோட காசு வாங்குது, மீதி சில்லறை குடுக்குது, தலைல தொப்பிய சரி பண்ணுது, அதே கைய அப்படியே குடமிளகா டப்பாக்குள்ள விடுது. அத எப்படி எழுதறோம்ங்கறதுலதான் இருக்குது. "சுத்தம் இல்லை"ன்னு எழுதுனா அந்த ரிப்போர்ட்டு குப்பைக்குத்தான். காசு வாங்குன க்ளவுஸ மாத்தாம காய எடுத்தாங்கன்னு பாத்தத பாத்தபடி எழுதுனா, கல்லாவுக்கும் காய்க்கும் தனித்தனி ஆளு போட வேண்டியது முதலாளியோட வேலைன்னு அவருக்கே உரைக்கும். அந்தப் பொண்ணு ஒருத்தியே ரெண்டையும் பாத்துட்டு இருந்துச்சுன்னும் சேத்து எழுதுனேன். அப்படித்தானே இருந்துச்சு. சாப்பாடும் அதே மாதிரிதான், நல்லால்லன்னு எழுதாதீங்க, சோறு அடியில காஞ்சிருந்துச்சு, கீரை ஓரம் பழுத்திருந்துச்சு, பனீர் உள்ள சில்லுன்னு இருந்துச்சுன்னு எழுதுங்க.

பாத்ரூம் கண்டிப்பா போகணும், ஃபார்ம்லயே இருக்கும். சோப்பு, தண்ணி, தாழ்ப்பா எல்லாம் பாத்துட்டு கதவுக்குப் பின்னாடி ஒட்டியிருக்கற க்ளீனிங் சார்ட்டப் பாருங்க. நான் ஒரு நாள் மத்தியானம் 2 மணிக்கு உள்ள போனா, சாயங்காலம் 6 மணி வரைக்கும் கையெழுத்துப் போட்டு முடிச்சிருக்காங்க! அத ஃபோட்டோ எடுத்து வச்சேன், அதுக்கு மேல எழுத என்ன இருக்குது.

பில்லு பாக்கறது எனக்கு பழைய தொழில், அதனால ஃபார்ம்ல கேக்காட்டியும் பாப்பேன். எஃப்எஸ்எஸ்ஏஐன்னு உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ் நம்பர் 14 இலக்கம் இருக்குதா, ஜிஎஸ்டி 5 சதவீதம்தான் போட்டிருக்காங்களான்னு. சர்வீஸ் சார்ஜ் தானா சேக்கக் கூடாதுன்னு 2022 ஜூலைலயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லிருச்சு, 2025 மார்ச்சுல டெல்லி ஹைகோர்ட்டும் அது சரின்னு சொல்லிருச்சு, அப்பறமும் நம்மளே தட்ட எடுத்துட்டு வந்து நம்மளே குப்பையக் கொட்டற கடைல கூட ஒரு தடவ போட்டிருந்தாங்க. மிஸ்டரியா போனா அங்க சண்டை போடக் கூடாது, எழுதிட்டு வந்துரணும். சும்மா கஸ்டமரா போனா எடுக்கச் சொல்லலாம், மாட்டேன்னா நுகர்வோர் உதவி நம்பர் 1915ல புகார் சொல்லலாம். பத்து கிளையோ அதுக்கு மேலயோ இருக்கற கடைங்க மெனுவுல கலோரி போடணும்னும் இருக்குது, இது நெறய பேருக்குத் தெரியாது.

அசைன்மென்ட்டு எடுக்கறதுக்கு முன்னாடி காலண்டரப் பாருங்க. நான் ஒரு தடவ அவசரத்துல சிக்கன் ரோல்னு இருந்தத எடுத்துட்டேன், அப்பறம் பாத்தா புரட்டாசி சனிக்கிழமை. சொன்ன ஐட்டத்தத்தான் வாங்கணும், மாத்த முடியாது. ருசி எழுதணுமே, அதனால பார்சல் வாங்கியாந்து வீட்டுக்காரர சாப்பிட வச்சு எழுதிரலாமான்னு கூட யோசிச்சேன், ஆனா கடைலயே உக்காந்து சாப்பிடணும்னு வேற போட்டிருந்துச்சு. கடைசில கேன்சல் பண்ணிட்டேன், அதுக்கு ரெண்டு மாசம் எனக்கு வேலையே குடுக்கல. கொழந்தைங்களயும் கூட்டிட்டுப் போகாதீங்க. என் பேத்தி ஒரு நாள் கவுன்டர்ல நின்னுட்டு கணீர்னு கேட்டா, "பாட்டி, ரிப்போர்ட்டுக்கு ஃபோட்டோ எடுக்கலயா?" அன்னைக்கு எங்களுக்கு எக்ஸ்ட்ரா பனீரும் அளவுக்கு மீறின மரியாதையும் கெடைச்சுது, அந்த ரிப்போர்ட்ட நான் அனுப்பவே இல்ல.

அந்தப் பையன் இப்ப அந்தக் கடைல இல்ல. எங்க போனான்னு கேக்கற எடத்துல நான் இல்லீங்க.

கடைசியா ஒரு வேண்டுகோள். இத போட்டீங்கன்னா என் பேரும் ஏரியாவும் போட்றாதீங்க. கவுன்டர் பசங்க பேப்பர் படிக்கறாங்களோ இல்லயோ, மேனேஜர் காலைல டீயோட கண்டிப்பா படிப்பாரு, எனக்கு வர்ற வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு அசைன்மென்ட்டு இருக்குது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோவை