முட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டாயே

அன்புள்ள செல்வா,

கடிதம் கிடைத்தது. கடையை மெயின் ரோட்டுக்கு மாற்றியதில் ரொம்ப சந்தோஷம்.

என் முட்டியில் அறுந்தது ஏ.சி.எல். மூட்டுக்கு உள்ளே தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிடித்திருக்கும் நார். யாரும் இடிக்கக்கூட வேண்டாம். பாதம் ஊன்றியபடி இருக்க, உடம்பு மட்டும் சடாரென்று திரும்பினால் போதும். எனக்கு ஷட்டில் ஆடும்போது போனது. நம் ஊர்ப் பொங்கல் கபடியில் ‘முட்டி விலகிடுச்சு’ என்று ஆட்டத்தையே விட்டவர்களில் பலருக்கு இதுதான் நடந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

பெரியம்மா புத்தூர்க் கட்டு போடச் சொன்னார். முழுதாக அறுந்த இந்த நார் தானாக ஒட்டுவது அரிது. அதனால் ஆபரேஷன் செய்து, தொடையின் பின்பக்கத்திலிருந்து தசைநார் எடுத்து, எலும்பில் துளையிட்டுப் பொருத்தினார்கள்.

ஆபரேஷனைவிட அப்புறம் வருவதுதான் பெரும்பாடு. முன்தொடைச் சதை மளமளவென்று வற்றிவிட்டது. லுங்கியை மடித்துக் கட்டினால் இரண்டு தொடையும் வேறு வேறு ஆளுடையது போல இருக்கும். எல்லாரும் ‘கால் மடங்குதா?’ என்றே கேட்கிறார்கள். பிசியோவுக்கோ முதல் கவலை கால் முழுசாக நீளுகிறதா என்பதுதான். குதிகாலுக்கடியில் துண்டைச் சுருட்டி வைத்து முட்டியைக் கீழே அழுத்த வேண்டும். கண்ணில் தண்ணீர் வரும்.

மூன்றாம் மாதம் வீக்கமும் வலியும் போய், மாடிப்படி ஏறி, ‘சரியாகிவிட்டது’ என்று நினைத்தேன். அப்போதுதான் கவனமாக இருக்க வேண்டுமாம். வைத்த நாருக்கு ரத்த ஓட்டம் பிடித்து, உறுதிப்பட மாதக்கணக்கில் ஆகும். 9 மாதத்துக்கு முன்பே ஆடப் போனால் மறுபடி அறுகிற வாய்ப்பு அதிகம். வலிக்காத காலைக் கட்டிப்போட்டு உட்காருவது இருக்கிறதே, அது தனிக் கொடுமை.

2023 ஆகஸ்டில் இதே ஆபரேஷன் செய்துகொண்ட மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகட் அடுத்த ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்கில் இறுதிச்சுற்றுவரை ஜெயித்தாரே என்று ஆபீஸ் நண்பர் தினமும் உற்சாகப்படுத்துகிறார். வினேஷுக்கு மல்யுத்தம்தான் முழுநேர வேலை. நான் ஆபீஸ் முடிந்து பிசியோவிடம் ஓடுகிறவன். சரி, ஆட்டோவில் போகிறவன்.

உன் மகள் பள்ளிக் கபடி அணியில் சேர்ந்திருப்பதாக எழுதியிருந்தாய். பெண் பிள்ளைகளுக்கு இந்த நார் அறுவது கூடுதல். அதற்காக ஆட்டத்தை நிறுத்திவிடாதே. குதித்து இறங்கும்போது முட்டி உள்பக்கம் சாயாமல் இறங்கப் பழகினால் ஆபத்து நன்றாகவே குறையும். பி.டி. டீச்சரிடம் நீயே ஒருமுறை பேசு.

தீபாவளிக்கு வருகிறேன். சம்மணம் போட்டு உட்கார இன்னும் முடியவில்லை, தங்கச்சியிடம் சொல்லி எனக்கு மட்டும் ஒரு நாற்காலி போட்டு வை.

அன்புடன்,
முருகேசன்